மிஸஸ் பிக்கரிங் அழுத கதை

ஜனவரி 9, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று முன்னாலேயே சொன்னவன் நான். பயணிகள் வரியை ஏற்றப் போகிறார்கள், ஏற்றினால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று போன ஈஸ்டருக்கே, டாக்ஸி ஸ்டாண்டில், பதினைந்து சாட்சிகள் முன்னிலையில் சொன்னேன். (ஏழு பேர். அதில் எக்பர்ட் தூங்கிக்கொண்டிருந்தான்.) இன்று வானொலியில் அறிவித்தே விட்டார்கள். தீவை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு பயணியும் விமான நிலையக் கவுண்டரில் இனி இருபதுக்குப் பதில் நாற்பது அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். தியோ அப்படிச் சொல்லவே இல்லை என்று நாளைக்கு எவனும் சாதிக்கக் கூடாது. அதற்குத்தான் இந்த நோட்டு.

ஐந்தாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் நான். மற்றவர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனதை ஆழமாகப் பார்த்தவன்.

ஜனவரி 13

வண்டியில் ஏறிய பயணிகளிடமெல்லாம் கருத்துக் கேட்டேன். இருநூறு பேர் இருக்கும். சரி, பதினொன்று. ஒரு ஜெர்மன்காரர், "குடுக்குறேன்யா, ஆனா காசு எங்க போகுதுன்னு ஒரு பலகையில எழுதிப் போடுங்க" என்றார். கனடாவிலிருந்து வந்த நர்ஸ், "நாப்பது டாலர் வாங்குறீங்கல்ல, அந்தக் கடற்கரை கக்கூஸுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டா என்ன?" என்றாள். தேனிலவு ஜோடி ஒன்று வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் வாடகையில்தான் பேரம் பேசியது.

எக்பர்ட் கேட்டான்: "ஏன்டா தியோ, ஒருத்தராவது இனிமே வரமாட்டேன்னு சொன்னாங்களா?"

"வாயால சொல்லல. மூஞ்சில தெரிஞ்சுது."

அவனுக்கு மூஞ்சி படிக்க வராது.

ஜனவரி 27

என் அக்கா மகள் வெர்லினின் ஆறு அறை விடுதிக்கு ஜனவரி என்றால் மிஸஸ் பிக்கரிங்தான். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து பத்தொன்பது வருடமாக வருகிறார். தனியாக அல்ல, அவருடைய தேவாலயப் பாடகர் குழுவில் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு. அந்த ஒரு மாதம்தான் வெர்லினுக்கு வருடம் முழுவதும் சோறு போடுகிறது. அக்கா இறந்த பிறகு அந்தப் பெண் ஒற்றை ஆளாக நடத்தும் விடுதி.

எழுபத்தொன்பது வயதிலும் பிக்கரிங் அம்மாவின் முதுகு நட்டுவைத்த கம்பம். பெட்டியைத் தூக்கப் போனால், "உன் இடுப்ப முதல்ல பாத்துக்க தியோ" என்கிறார். இன்று உப்பு மீனும் சீமைப்பலாவும் மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். மனுஷி.

பிப்ரவரி 3, சனி

பிக்கரிங் அம்மாவையும் கூட்டத்தையும் விமான நிலையத்தில் விட்டேன். நல்ல வெயில். பின் டயரில் காற்று குறைவு.

பிப்ரவரி 6

வானொலியில் பேசினேன்! மக்கள் தொலைபேசியில் கருத்துச் சொல்லும் காலை நிகழ்ச்சி. தீவே கேட்கும்.

சனிக்கிழமை நடந்ததை அன்றே எழுதாமல் விட்டது என் தவறு. நடந்தது இதுதான். கவுண்டரில் இருந்த பெண் நாற்பது என்றதும் மிஸஸ் பிக்கரிங் பர்ஸைக் கவிழ்த்தார். சில்லறை உருண்டது. எண்ணினார், போதவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தியோ, இந்தத் தீவ இனி நான் பாக்கப் போறதில்ல" என்றார். நான் என் பையிலிருந்து எடுத்துக் கட்டினேன்.

நிகழ்ச்சி நடத்துகிறவரே அடுத்த ஆளைக் கூப்பிட மறந்துவிட்டார். எக்பர்ட் எனக்கு ரம் வாங்கிக் கொடுத்தான். பதினாலு வருடப் பழக்கத்தில் முதல் முறை.

பிப்ரவரி 8

வெர்லின் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "மாமா, எங்கிட்ட அவங்க ஒண்ணும் சொல்லலியே? சிரிச்சுக்கிட்டுத்தானே வண்டி ஏறினாங்க?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னு மறைச்சிருப்பாங்க."

அவள் கண் கலங்கியது. "பாவம் மாமா அவங்க" என்றாள்.

மார்ச் 30

இப்போது கதையில் ஒரு கீர்த்தனையும் சேர்ந்திருக்கிறது. அழுதுகொண்டே பாடினாராம். அது நான் சேர்த்ததில்லை. ஆனால் நன்றாக இருக்கிறது, வைத்துக்கொண்டேன்.

ஜூன் 15

கார்னிவல் திருவிழாப் பாட்டுக் கொட்டகையில், லார்ட் நண்டு என்று பட்டம் வைத்துக்கொண்ட நம்மூர்ப் பாட்டுக்காரன் மேடையேறினான். 'பாட்டியம்மா பர்ஸைக் கவிழ்த்தா' என்று பாட்டு! முந்நூறு பேர் எழுந்து நின்று ஆடினார்கள். முதல் பரிசும் அவனுக்குத்தான். இரண்டாவது சரணத்தில் டாக்ஸிக்காரன் வருகிறான். நான்தான் அது! கொஞ்சம் தொப்பையோடு காட்டினான், போகட்டும். மிஸஸ் பிக்கரிங் பெயரையும் ஊரையும் அப்படியே வைத்துப் பாடினான். எதுகைக்கு வசதியாம்.

வெர்லின் ஆடவில்லை. "பிக்கரிங் அம்மா எப்பவும் இந்த மாசமே அடுத்த ஜனவரிக்குப் பதிஞ்சிருவாங்க மாமா. இன்னும் கடிதாசி வரல" என்றாள்.

ஜூலை 2

பாட்டு எல்லார் போனிலும்.

ஜூலை 18

கடிதம் வந்தது. வெர்லின் எனக்குப் படித்துக் காட்டினாள். நடுவில் ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

பேரன் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறான். பிறகு தேவாலயம் முழுவதும் பார்த்திருக்கிறது. போன ஞாயிறு அவருக்காகத் தட்டு ஏந்தி வசூல் செய்து, உறையில் போட்டு, எல்லார் முன்னாலும் கையில் கொடுத்திருக்கிறார்கள். 'நாற்பது வருடம் அந்தத் தட்டில் போட்டவள் நான். எனக்கே அதை நீட்டினார்கள், வெர்லின். நான் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. அழவும் இல்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?'

வெர்லின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேராக லார்ட் நண்டு வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். அவன் முற்றத்தில் உட்கார்ந்து, ஆள் வைத்து முடி வெட்டிக்கொண்டிருந்தான்.

"வெக்கமா இல்ல உனக்கு? ஒரு வயசான பொம்பளய வச்சுப் பரிசு வாங்கியிருக்கியே!"

"ஏம்மா எம்மேல பாயுற? ரேடியோவுல வந்தத மெட்டுல போட்டேன். சொன்னது உங்க மாமா. அந்தா நிக்கிறாரு, கேளு."

அவள் திரும்பினாள். அவனைத் திட்டிய முகம் இல்லை அது. சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்னைத் தேடும் முகம்.

"மாமா. நெசமா சொல்லுங்க. அவங்க அழுதாங்களா?"

முடி வெட்டுகிறவன் கூட நிறுத்திவிட்டான்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்டி" என்றேன்.

ஜூலை 19

பதில் எழுதிவிட்டாள். தபாலில் போட என்னிடமே கொடுத்தாள். 'என் மாமா பெருமை பேசுவார், பொய் சொல்ல மாட்டார். நீங்கள் அழுததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்கள் எங்கள் குடும்பம்.'

உறை ஒட்டாமல்தான் இருந்தது. தபால் நிலைய வாசலில் வண்டியை நிறுத்தி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கிழிச்சுப் போட்டிருக்கலாம். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். என்னடா செஞ்ச தியோ?

போட்டேன்.

ஆகஸ்ட் 12

பிக்கரிங் அம்மாவிடமிருந்து இரண்டே வரி. தன்னைப் பொய்க்காரி என்று நினைக்கும் வீட்டில் இனி தங்க முடியாது. அறைகளை வேறு யாருக்காவது கொடுக்கவும். பதினொரு பேரும் வரமாட்டார்களாம்.

வெர்லின் அழவில்லை. ஆறு அறை மெத்தைகளையும் வெயிலில் போட்டாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 30

வரி ஏறியதால்தான் பிக்கரிங் அம்மாவின் கூட்டம் இனி வராது என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்கள். "தியோ அன்னைக்கே சொன்னான்பா" என்கிறான் எக்பர்ட்.

நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தேன்.

செப்டம்பர் 21

விடுதியைப் பெரிய ஓட்டல் ஒன்று எடுத்துக்கொண்டது, தன் வேலையாட்கள் தங்க. வெர்லினுக்கு டோர்டோலா தீவில் ஒரு ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை. அடுத்தவர் படுக்கை விரிப்புகள்.

அக்டோபர் 5, சனி

வெர்லினை விமான நிலையத்தில் விட்டேன். வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றே ஓட்டினேன். மீன் சந்தை தாண்டியதும் என்றேன், பிறகு பாலம் தாண்டியதும் என்றேன். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்து, "வேளைக்குச் சாப்பிடுங்க மாமா" என்றாள். பிறகு, "ஊரே உங்களக் கேலி பண்ணுச்சு, நான் நம்பினேன். நீங்களும் இல்லன்னா எனக்கு யாரு?" என்றாள்.

வாய் திறந்தேன். "சட்டை புதுசு" என்றேன். புதுசும் இல்லை.

இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கிறேன். இதிலாவது எழுதுகிறேன். அன்று வானொலியில் நிகழ்ச்சி நடத்துகிறவர், "சீக்கிரம் சொல்லுங்கண்ணே, அடுத்த ஆள் காத்திருக்காரு" என்றார். எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. விமான நிலையத்தில் மிஸஸ் பிக்கரிங் நாற்பதைத் தயாராகக் கையிலேயே வைத்திருந்தார். ரசீதை மடித்தார். "போன வருஷம் உங்க ஆஸ்பத்திரிக் கூரைய பாத்தேன் தியோ. இன்னும் பத்து சேத்தே வாங்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அழவில்லை. அவர் அழவே இல்லை.