ரோசுவின் மூக்கு

டிசம்பர் 3, புதன்
விடாத தூறல். ஹார்பரில் நிலக்கரிக் கப்பல். நாள் முழுக்கக் கரிக்கூடை எண்ணி எழுதியதில் காதுக்குள்கூடக் கரி. வீட்டுக்கு வந்ததும் குழாயடி, சோப்பு, மறுபடி சோப்பு. மேரி சிரிக்கிறாள்: "தோலு உரிஞ்சி வந்துடப் போவுது, போதும் வாங்க."

அழுக்கும் எச்சிலும் எனக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் அவள் குடித்த தம்ளரில் தண்ணீர் குடிக்க மறுத்தேனாம். இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

ரோசுவுக்கு மூக்கொழுகல். மூன்று மாதக் குழந்தைக்குத் தும்மக்கூடத் தெரிகிறது! தும்மிவிட்டு, யார் தும்மியது என்று பார்க்கிறாள்.

வாங்க வேண்டியது: அடுப்புக்கரி, விளக்கெண்ணெய்.

டிசம்பர் 4, வியாழன்
மழை. அடுப்புக்கரி வாங்கியும் பயனில்லை, கூரை ஒழுகலில் நமத்துவிட்டது.

குழந்தைக்கு மூக்கு முழுக்க அடைப்பு. மார்பில் வாய் வைக்கிறாள், இரண்டு இழுப்பு, மூச்சு முட்டுகிறது, விட்டுவிட்டு அலறல். காலையிலிருந்து இதே கதை. மேரிக்குப் பால் கட்டி வலி, அவளுக்கும் ஜலதோஷம்.

அடுத்த வீட்டு லூர்து அக்கா கோயிலில் மீந்த சாம்பிராணியோடு வந்தார். "சாமிக்குப் போட்டது தம்பி, சளி பறந்துடும். கதவ சாத்து, காத்து வரக்கூடாது."

வண்டியிலிருந்து சிந்தும் கப்பல் கரி இந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் உண்டு. நமத்த அடுப்புக்கரிக்குப் பதில் அதில் இரண்டு துண்டைப் பற்றவைத்து சாம்பிராணி தூவினேன். வாசம் எங்கே வந்தது? கரிப்புகைதான். ஒற்றை அறை, சாத்திய கதவு. குழந்தை இருமி இருமி முகம் கன்றிப்போயிற்று. தூக்கிக்கொண்டு மழையில் தெருவுக்கு ஓடினேன். லூ. அக்கா அழுதுவிட்டார். அவர்மேல் கோபம் இல்லை. பற்றவைத்தவன் நான்.

டிசம்பர் 5, வெள்ளி
லீவு. மேஸ்திரி முறைத்தார், முறைக்கட்டும். ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. மூக்குதான் அடைப்பு. இந்த வயசுல வாயால மூச்சு விட சரியா தெரியாது, அதான் பால் குடிக்க முடியலை."

சொன்னவை: புகை கூடவே கூடாது. காய்ச்சி ஆறிய உப்புத்தண்ணீர், துளைக்கு ஒரு சொட்டு. சளியை எடுத்துவிட்டுப் பால். நிமிர்த்தித் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். உதடு நீலம் பூத்தாலோ, மூச்சிழுக்கையில் விலா குழிந்தாலோ உடனே ஓடி வர வேண்டும்.

எப்படி எடுப்பது என்றேன். "உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும்."

மேரிக்குத் தெரிந்துதான் இருந்தது. வாயால் உறிஞ்சித் துப்புவது.

"எங்கம்மா எங்க எல்லாருக்கும் செஞ்சாங்க. எனக்கு காய்ச்சலா கீது, நான் வாய் வெக்க மாட்டேன். நீங்க செய்யுங்க."

"நானா?"

"வேற யாரு கீறாங்க இங்க?"

ரோசு அழுதுகொண்டிருந்தாள், ஆனால் சத்தமே வரவில்லை. அதைப் பார்த்துத்தான் பயந்துவிட்டேன். மேரி சொட்டு விட்டாள். நான் குனிந்து வாய் வைத்தேன். உப்பு. துப்பினேன். மறு துளை. குழந்தை திகைத்துப்போய் என்னையே பார்த்தாள்.

மேரி துணியால் தன் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஒரு இழுப்பு. இன்னொன்று. விடவில்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம். மேரி அழுதாள். நானும்தான்.

டிசம்பர் 6, சனி
வெயில். இன்றும் லீவு. கொடி முழுக்கக் குழந்தைத் துணி. ஒவ்வொரு பாலுக்கும் முன்னால் மூக்கை உறிஞ்சிவிட மேரி என்னைக் கூப்பிடுகிறாள், போகிறேன்.

லூ. அக்கா வாசலோடு நின்றார், உள்ளே வரக் கூச்சம். "புள்ள குடிக்குதா?"

மேரி: "குடிச்சிக்கினே கீது அக்கா. வந்து பாருங்க."

இப்போது எனக்கு மூக்கடைப்பு. மேரி சுக்குக் கஷாயம் வைத்தாள், ஒரே தம்ளர். பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.