முட்டி வலியா, எடையா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். லண்டன் குளிர் பழகிவிட்டது, நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் உடம்பு எப்படி என்று கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது.

இங்கே உடல் பருமனை ஆராய்கிறவர்களுக்கு, எது காரணம், எது விளைவு என்று பிரித்தறியப் பயிற்சி கொடுக்கிறார்கள். நேற்று ஆசிரியை ஓர் உதாரணம் கேட்டார். “எங்கள் அம்மா நடப்பதே இல்லை, அதனால் எடை கூடிவிட்டது” என்றேன்.

“ஏன் நடப்பதில்லை? அவரைக் கேட்டாயா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அறைக்கு வந்ததும் அப்பாவை போனில் கூப்பிட்டேன்.

“முட்டி வலி வந்துதான் நடக்கறத நிறுத்துனா, அம்மணி. எடையெல்லாம் அப்புறம் வந்ததுதான். போன மாசம் எடையக் குறைக்கச் சொல்லி நீ சத்தம் போட்டதுல இருந்து ராத்திரிச் சோத்தையும் உட்டுப்போட்டா. முந்தாநேத்து பஸ் ஸ்டாப்புல மயங்கிட்டா. உன்றகிட்டச் சொல்ல வேண்டாம்னா” என்றார்.

காரணம் கண்டுபிடிக்கப் படிக்க வந்தவள், உங்கள் மயக்கத்துக்கே காரணமாகிவிட்டேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

அப்பாவோடு கோயமுத்தூர் போய் முட்டியைக் காட்டுங்கள். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்லுங்கள். ஒருத்திக்குச் சமைத்தால் குழைந்துவிடுகிறது. ராத்திரி சோறு போட்டுக்கொண்டு வீடியோவில் கூப்பிடுங்கள், அங்கே ராத்திரி என்றால் இங்கே மத்தியானம்தான். நீங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை நானும் தட்டோடு எதிரே உட்கார்ந்திருப்பேன்.

வகுப்புக்கு மணியாகிவிட்டது.

உங்கள் மகள்,
லோகப்பிரியா