தபீதாள் அத்தையின் பிடியரிசி

சித்தூர்
14-9-1982

எங்கள் பிரியமான ஜெயசீலிக்கு அம்மா எழுதுவது. உன் நைனாவின் முழங்கால் வலி நீங்கலாக, தேவகிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீ படிக்கப் போன அந்தக் குளிர்தேசத்தில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். உன் கடிதம் வந்தது. அரிசி வண்டின் வயிற்றில் ஒரு கிருமி குடியிருக்கிறது, தாய்வண்டு அதை முட்டையிலேயே பிள்ளைக்குக் கொடுத்தனுப்புகிறது, அது இல்லாவிட்டால் பிள்ளை வெளுத்துச் சோர்ந்துபோகும் என்று எழுதியிருந்தாய். நான் உனக்கு மாங்காய் ஊறுகாய்தானே கொடுத்தனுப்பினேன் என்று நினைத்துச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

அந்தக் கடிதம் இங்கே பெரிய வம்பாகிவிட்டது. உன் நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோயிலில் அறிவிப்பு சொல்லும்போது அதைச் சபைக்கே வாசித்துவிட்டார். முதல் பக்கம் முடிந்ததும் நேரமாகிறதென்று போதகர் ஐயர் எழுந்து ஆசீர்வாதம் கூறிவிட்டார். அந்தக் கிருமி மனிதரை ஒன்றும் செய்யாது என்று நீ எழுதியதோ இரண்டாம் பக்கத்தில். வண்டு அரிசி துன்னா வியாதி வரும் என்று அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. நான் வீடுவீடாகப் போய் இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்கிறார்கள்.

உலை வைக்கும்முன் நாம் கோயிலுக்கென்று எடுத்துவைக்கும் பிடியரிசியில்தான், தன் புருஷன் உபதேசியார் இறந்துபோனபின் தபீதாள் அத்தை பிழைக்கிறார் என்பது உனக்குத் தெரியும். அதிலும் வேளைக்கு ஒரு பிடி எடுத்துவைத்து ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கொண்டுவருகிறவர். எல்லார் பிடியரிசியும் சேரும் கோயில் டிரம்மிலிருந்து அவருக்குப் போன அரிசிதானே, அதில் வண்டு இல்லாமல் இருக்குமா? போன ஞாயிறு காணிக்கை அரிசிக்குப் பை பிடித்து நின்ற ஜெயகுமாரி, அத்தையின் அரிசியை மட்டும் பையில் வாங்காமல், அவர் கண்ணெதிரே காக்கைக்கு வீசிவிட்டாள். அத்தை ஆராதனைக்கும் நிற்காமல் போய்விட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். டிரம்மிலிருந்து கொடுத்தனுப்பிய அரிசி பிரிக்காமலே கிடந்தது. அடுப்பு எரிந்த அடையாளமே இல்லை. நான் கொண்டுபோன சோற்றையும் தொடவில்லை. "நான் குட்த்தது ஆண்டவருக்கு ஆவாதுன்னா, அவரு குட்க்கறத நான் எப்டிம்மா துன்றது? இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு பந்தியில வந்து கைய நீட்டுவேன்?" என்றார்.

ஆகையால் நீ சபைக்கு எழுதாதே, ஐயருக்கும் எழுதாதே. அத்தை பெயருக்கே எழுது. அந்த அரிசியில் ஒரு குற்றமும் இல்லை என்று எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன். உன் கடிதம் வரும்வரை அவர் உடம்பு தாங்குமா என்றுதான் எனக்குப் பயம். உன் நைனாவுக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்கக் கால் எழவில்லை. கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, ராத்திரி கண் விழிக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வருகிற ஞாயிறு கோயிலில் திருவிருந்து, அப்பமும் ரசமும் பெறும் பந்தி. அத்தை வராவிட்டால் நானும் பந்திக்குப் போகப்போவதில்லை என்று நைனாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
ஜீவரத்தினம் கிருபானந்தம்