அம்மாவின் இடது கால்

ஜனக்புரி,
12 அக்டோபர்

அன்புள்ள வைஷ்ணவிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பவரும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைப் பார்த்து அவளும் அழுவாள், ஆகையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், தமிழ் தடுமாறினால் மாப்பிள்ளையை வாசிக்கச் சொல். அம்மாவுக்கு இடது காலில் ரத்தம் உறைந்துவிட்டது. பயப்படாதே, ஆபத்து தாண்டியாகிவிட்டது.

திருச்சிக் கல்யாணத்திலிருந்து திரும்பும்போது, ரயில் பாத்ரூமுக்குப் போகப் பிடிக்காமல் ஒன்றரை நாள் தண்ணீரே குடிக்காமல் காலை மடக்கி உட்கார்ந்தே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கெண்டைக்கால் வீங்கிவிட்டது. நான் பெரிய வைத்தியன் மாதிரி மூன்று நாள் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தேன். டாக்டர் சுஷ்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, அங்கிள்ஜி, தேய்த்து மாலிஷா செய்தீர்கள், கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். இதை உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. வயதாக ஆக ரத்தக்குழாய் விறைத்துப்போகிறதாம், உறைந்ததைத் தானே கரைக்கும் வேலையிலும் உடம்பு மெத்தனம் காட்டுகிறதாம். மாத்திரை கட்டியை வளரவிடாமல் தடுக்கும், கரைப்பது உடம்புதான், அறுபத்தாறு வயது உடம்பிடம் ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தினால் கேட்காது என்றார். இப்போது அம்மா தினமும் பார்க்கில் நடக்கிறாள், வீக்கம் பாதி வடிந்துவிட்டது, நிச்சயம் குணமாகிவிடும். ஆனால் மூன்று மாதத்துக்கு நீண்ட விமானப் பயணம் கூடாதாம். உன் பிரசவமோ அடுத்த மாதம்.

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், உனக்குப் பதில் நான் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உன் அத்தை போனில், பிள்ள பெத்தவளப் பாத்துக்க ஆம்பள போறதா அண்ணா, ஊர் சிரிக்கும் என்றாள். சிரிக்கட்டும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சுக்கும் ஓமமும் திப்பிலியும் வாங்கியாயிற்று. அம்மா காலை உயர்த்தி வைத்துக்கொண்டு அதிகாரம் பண்ணுகிறாள், நான் பூண்டுக் குழம்பு வைக்கிறேன், நேற்று அவளே இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொண்டாள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தலையணையை வைத்துப் பழகுகிறேன். நீயும் நிறையத் தண்ணீர் குடி, கர்ப்ப காலத்திலும் ரத்தம் உறையுமாம், லேப்டாப் முன்னால் ஒரேயடியாக உட்காராமல் எழுந்து நட.

நீ பிறந்தபோது நான் ஆபீஸ் டூரில் இருந்தேன், பதினோராம் நாள்தான் உன் முகத்தைப் பார்த்தேன். அம்மா அதை ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. இந்த முறை உனக்கு வலி எடுக்கும் முன்பே வந்து நிற்பேன்.

இருவரும் மூவராகி நீண்ட காலம் நன்றாயிருங்கள். ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளை மட்டும் வரட்டும், நீ குளிரில் வராதே.

உன் அப்பா,
ராஜாராமன்