ஆலம் நிறத்தில் ஊற்றிய தண்ணீர்

மாப்பிள்ளை,

இன்று காலை தங்கச்சி வீட்டுக்குள் கால் வைத்ததும் அந்த வாசனை. இனிப்பும் மருந்தும் கலந்த மாதிரி, உங்கள் சட்டையில் எப்போதும் ஒட்டியிருந்த வாசனை. நீங்கள்தான் உள்ளே இருக்கிறீர்கள் என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். பார்த்தால், உங்கள் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓடுகிற குழாயின் மூட்டில் ஒரு சொட்டு கசிந்து நிற்கிறது. ஆலம் சுற்றுகிற தண்ணீர் போலச் சிவப்பாக நீங்கள் ஊற்றியது, பால் சேர்க்காத தே ஓ நிறத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் பெட்டியை நீங்கள் சேர்த்த நாள் கண்ணிலேயே நிற்கிறது. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும்போது சூடேறுகிறது, உள்ளே தண்ணீர் ஓடினால்தான் அடங்கும் என்றீர்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். தானா ராத்தா டவுனிலிருந்து பஸ் பிடித்தே வந்தார்கள் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

"இந்தக் குளிருல மனுசனே கம்பளி போத்திக்கிட்டு இருக்கான். கம்ப்யூட்டருக்குத் தண்ணியா லா?" என்று கேட்டேன்.

"வெளிய குளிரு மச்சான். உள்ள கொதிக்கும். உங்க தங்கச்சி மாதிரி."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் ஓங்கியது.

நான் சும்மா இருப்பேனா? தோட்டத்து லோரி ரேடியேட்டர் எல்லாம் என் கையில் வளர்ந்தவை, துரையே என்னைக் கேட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார் என்று ஆரம்பித்து, மலை ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து நீட்டினேன்.

"இதை ஊத்துனா பாசி புடிச்சு உள்ளாற தவளை கத்தும் மச்சான்" என்றீர்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்தீர்கள். பாசி வராது, உள்ளே இருக்கிற செம்பும் அரிக்காது. "நெறம் மங்கிப் பழுப்பாச்சுன்னா, மருந்து தன்னைச் செலவழிச்சு முடிச்சிருச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல வச்சிருக்கக் கூடாது."

ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. இப்போது உங்கள் வேலையைத் தங்கச்சிதான் செய்கிறாள். கோலா தெர்லா பூத்தோட்டக்காரர் மகள் கல்யாணம், அவள் தனியாக வீடியோ எடுத்த முதல் கல்யாணம். வெட்டி ஒட்ட உட்கார்ந்தால் பெட்டி சூடாகி, அணைந்து அணைந்து போகிறது. அப்படியும் தண்ணீரைத் தொடவிடவில்லை.

"அவரு கையால ஊத்துனதுண்ணே. இதையும் கொட்டிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு! கோயில் கூட்டத்தில் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள். கடைசியில் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன். "அந்த மருந்து செம்பைக் காப்பாத்தியே தீந்துபோச்சும்மா. இனியும் வச்சிருந்தா, அவரு சேர்த்த பெட்டியையே தின்னுரும்."

அவள் குழாய்க்கடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து, அடைப்பைத் தானே திறந்தாள்.

இதை ஆற்றில் விடுவோம், தேங்காய் உடைத்து முறையாக விடுவோம் என்று நான் ஆரம்பித்தேன்.

"மீனெல்லாம் செத்துரும். அவரே எந்திரிச்சு வந்து உங்களைத் திட்டுவாரு" என்றாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

உள்ளே அலசிப் புதிதாக மருந்து கலந்தோம். சாயம் வேண்டாம் என்றாள். "கலங்குனா உடனே தெரியணும்ணே." குழாயில் குமிழ்கள் களகளவென்று ஓடி அடங்கின. பெண்ணுக்குத் தாலி ஏறும் இடத்தை அவள் வெட்டி முடிக்கும்வரை பின்னால் நின்றேன். பெட்டி அணையவில்லை.

பழைய தண்ணீரைப் பிரிஞ்சாங் வண்டிப் பட்டறையில், கழிவு எண்ணெயோடு சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். இது ஏன் இப்படிக் கறுத்துப் போச்சு என்று பட்டறைக்காரர் கேட்டார். மருந்து, செம்பு, பாசி எல்லாம் விளக்கினேன். மனிதர் அசந்துவிட்டார்.

"இதெல்லாம் எங்கண்ணே படிச்சீங்க?"

எனக்குக் கற்றுக்கொடுத்ததாக ஜெர்மன் துரை ஒருத்தர் என் தொண்டைவரை வந்துவிட்டார், மாப்பிள்ளை. அவரை விழுங்கிவிட்டு, "என் தங்கச்சி வீட்டுக்காரரு சொன்னது" என்றேன். இனி யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.