கூரை உட்கார்ந்திருக்கும் சுவர்

அக்கா,

காலையில் மழை. சுவரும் சுவரும் சேரும் இடத்தில் அடைத்திருக்கும் கறுப்புப் பசை நனைந்ததும் புளித்த மோர் மாதிரி ஒரு வாசனை வருகிறது. குடிவந்த நாளிலிருந்து இப்படித்தான். நீ இருந்தால், நான்தான் மோரை ஊற்றி வைத்தேன் என்று பழி போட்டிருப்பாய்.

திண்டிவனம் ரோட்டில் கான்கிரீட் சுவர் வார்க்கும் அந்தக் கம்பெனியில் நீ சேர்ந்த புதிதில், "கட்டடத்த கம்ப்யூட்டர்ல மாடல் பண்றேன்" என்றாய். நான் தெரு முழுக்க "எங்க அக்கா மாடல்" என்று பரப்பினேன். பால்காரம்மா உன்னை மேலும் கீழும் பார்த்து, "போட்டோ எப்பம்மா வரும்?" என்று கேட்டார். நீ செருப்பைக் கழற்றுவதற்குள் நான் கோட்டைப் பக்கம் ஓடிவிட்டேன்.

பிறகு நாம் கட்டப்போகும் வீட்டையே வரைந்தாய். சுவர், ஜன்னல், ஒயர் போகும் குழாய் எல்லாம் திரையில் முழுதாக நின்ற பிறகுதான் யார்டில் வார்ப்பார்கள், லாரியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்றாய். "ஒருக்கா வார்த்துட்டா அவ்ளோதான்டா, அழிரப்பர் கெடையாது." நீ சாப்பிடப் போன நேரத்தில் கூடத்தின் நடுவே ஓர் எருமையை வைத்தேன். எது எதோடு இடிக்கிறது என்று பார்க்கும் பட்டனை நீ அழுத்தியதும், கொம்பு சுவரில் இடிப்பதாகச் சிவப்பாகக் காட்டியது. "உன் சொந்தக்காரன மரியாதையா வெளிய ஓட்டிட்டுப் போ" என்றாய்.

சுவர்கள் வார்த்து முடிந்த வாரம் உனக்கு ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது... வேண்டாம்.

காரியம் முடிந்த மறுநாள் நைனா என்னைக் கூப்பிட்டார். "அவ ரூம் வேணான்டா. அத்த எடுத்துட்டுக் கட்டச் சொல்லு. தெனம் அந்தக் கதவ என்னால பாக்க முடியாது."

உன் லேப்டாப்பைத் திறந்தேன். உன் அறைச் சுவர்களைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. கூரை மட்டும் அந்தரத்தில் நின்றது. கம்ப்யூட்டருக்குப் பாரம் தெரியாது. தாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் எதுவும் விழவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டேன்.

அப்புறம் நைனாவிடம் திரையைக் காட்டினேன். "கூரப் பலகை மொத்தமும் அவ ரூம் சுவத்து மேலதான் உக்காருது நைனா. அத்த எடுத்தா கூடத்துக்கும் கூர இல்ல."

"வேற எது மேலயாச்சும் நிறுத்த முடியாதா?"

"எல்லாத்தையும் வார்த்துட்டாங்க. மொதல்லருந்து செய்யணும்."

"அவ வேணும்னே இப்டி செஞ்சாளா?"

"இல்ல நைனா. சின்ன வூடு. வேற வழியில்ல."

நைனா தோள் துண்டால் திரையைத் துடைத்தார். தூசி ஒன்றும் இல்லை. "வரச் சொல்லு" என்றார்.

டிரெய்லரில் சுவர்கள் நின்றபடியே வந்தன. கிரேன் ஒவ்வொன்றாக இறக்கியது. தொங்கிய சுவரில் உன் ஜன்னல் ஓட்டை வழியாக ராஜகிரி மலை கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது. பொழுது சாய்வதற்குள் வீடு வந்துவிட்டது. "இன்னாடா, சீட்டுக்கட்டு வூடு மாதிரி நிறுத்திட்டானுங்க" என்றார் பக்கத்து வீட்டு மாமா. "ஆமா மாமா, ஜோக்கர் நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

எலக்ட்ரீசியன் உன் அறைக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார். "தம்பி, இன்னா இது, சுவிட்ச் போர்டு குழி முட்டி ஒசரத்துல கீது? தப்பா வார்த்துட்டாங்களா? ஒடச்சி மேல ஏத்திடவா?"

தப்பு இல்லை. நீ தரையில் உட்கார்ந்துதான் வேலை செய்வாய். லைட் போட எழுந்திருக்கவே கூடாது என்று நீயே இறக்கி வைத்த உயரம் அது. நான் வாயைத் திறப்பதற்குள் நைனா வந்து அந்தச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்.

"உளி வெக்காத" என்றார். "அப்டியே மாட்டு."

இப்போது அங்கே நான்தான் படுக்கிறேன். கதவைச் சாத்தக் கூடாது என்பது நைனா உத்தரவு.

போன வாரம் மேல்சித்தாமூரில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். இருட்டான அறைக்குள் நுழைந்ததும் குனிந்து சுவரைத் தடவினேன்.

"இன்னாடா தேடற, எலியா?" என்றான்.

"சுவிட்சு."

மேலே கையைக் காட்டினான். நிமிர்ந்து போட்டேன். அடுத்த அறையிலும் குனிந்தேன்.