கேட்காமல் விட்ட ‘வா’

தை 9, புதன்

பனி. எதிர் வீட்டு ஓடு தெரியவில்லை. முழங்கால் இரண்டும் கட்டை. சர்க்கரை மாத்திரை போட்டாயிற்று. பிரஷர் மாத்திரை நேற்றோடு தீர்ந்தது.

பால்கார மாரியம்மாள் பாலை ஊற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி?”

“இல்ல ஆச்சி, தபாலாபீஸ் செவத்துல ஒங்க பேரு போட்டுப் போஸ்டர் ஒட்டிருக்காகன்னு எம் மருமக சொன்னா. எனக்குப் பகீர்னுச்சு. நேத்துதான பால் ஊத்துனோம், அதுக்குள்ள கண்ணீர் அஞ்சலியான்னு ஓடியாந்தேன்.”

“இருக்கேன்டி. ஊத்து.”

“நல்லாத்தான் இருக்கீக. அப்ப அது யாரு?”

பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். நீலப் போஸ்டர். இங்கிலீஷ் பாதி, தமிழ் பாதி. எங்கள் பெரிய வீட்டின் முகப்புப் படம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் புளூஸ், சோல் என்று ஏதோ வெளிநாட்டுச் சங்கீத விழா. பாடுகிறவர்கள் வரிசையில் வள்ளியம்மை. என் பெயர்தான். என் பெயரை வைத்த என் பேத்தி. மகன் வயிற்றுப் பிள்ளை. சென்னையில் ஒரு குழுவோடு பாடுகிறாள். வள்ளி என்று சுருக்காமல் முழுப் பெயரும் போட்டிருக்கிறாள். படத்தில் கிராப்பு, கண்ணை மூடிக்கொண்டு மைக்கைப் பிடித்திருக்கிறாள்.

எனக்குத் தகவல் கிடையாது. மகன் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசினான். மழை, மாத்திரை, அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் “அது என் பேத்தி” என்று சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். மாத்திரை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

தை 10, வியாழன்

பனி குறைவு. சாம்பார் வைக்கவில்லை. ஒரு ஆளுக்கு என்ன சாம்பார்.

பதினோரு மணிக்கு ராமநாதன் வந்தான். கொழுந்தனார் மகன். பெரிய வீட்டை விழாவுக்கு வாடகைக்கு விட்டது இவன்தான். கூட ஒரு ஆள், ஆரோக்கியம் என்று பெயர், சிவகங்கைப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். மாதா கோயிலில் கீபோர்டு வாசித்துப் பழகியவராம். இப்போது வள்ளியம்மை குழுவில் வாசிக்கிறார். நல்ல மரியாதை. செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார்.

“பெரியாத்தா, ஒங்க அறைச் சாவி வேணும்.”

பெரிய வீட்டு வளவில், நடு முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகளில் பங்குக்கு ஒன்று. எனக்குத் தெற்கு ஓரத்து அறை. கல்யாணமாகி வந்த அன்று கொடுத்தது. வீட்டுக்காரர் போன பிறகு இந்தச் சின்ன வீட்டுக்கு வந்துவிட்டேன், சாவி மட்டும் என்னிடம்.

“எதுக்கு?”

“பனியில கிடார் கம்பியெல்லாம் சுருதி எறங்கிப் போயிருது ஆச்சி,” என்றார் ஆரோக்கியம். “பூட்டி வைக்க ஒரு ரூம் இருந்தா போதும்.”

கொடுத்தேன். கொடுக்கும்போது கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். என் பேத்தி என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று. கேட்கவில்லை. ராமநாதன் எதிரில் எப்படிக் கேட்பது. அன்றைக்கு அவனும் அங்கே நின்றவன்தானே.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்.

இரண்டு வருஷம் முன்னால். அதே வீட்டில் மகனுக்கு அறுபதாம் கல்யாணம். வாசலில் நாங்கள் பெண்டுகள் வரிசையாக நிற்கிறோம். வருகிறவர் யாராக இருந்தாலும் வீட்டு ஆள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ கேட்கணும், வாய் திறந்து வரவேற்கணும். ஒருத்தர் விட்டாலும் வந்தவருக்கு அவமானம். மாமியார் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. இவள் காரிலிருந்து இறங்கினாள். பாங்கு வேலையை விட்டுவிட்டாள், பாட்டுக்காகத் தலைமுடியை வெட்டிக்கொண்டாள், கையில் பச்சை குத்தியிருந்தாள். எல்லாரும் வாம்மா வாம்மா என்றார்கள். என் முறை வந்தது. நான் குத்துவிளக்குத் திரியைத் தூண்டினேன். தூண்ட வேண்டிய திரி இல்லை அது. அவள் நின்றாள். நான் திரும்பவில்லை. சாப்பிடாமல் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவளும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

தை 11, வெள்ளி

வெயில். துவைத்தது காய்ந்தது.

வாங்க வேண்டியது:
பிரஷர் மாத்திரை (இன்றாவது)
வெல்லம் அரைக் கிலோ
பச்சரிசி
ஏலக்காய்
நல்லெண்ணெய்

வெல்லமும் பச்சரிசியும் கந்தரப்பத்துக்கு. அவளுக்குப் பிடிக்கும். வந்தால் கொடுக்க. வராவிட்டால் மாரியம்மாளுக்கு.

சாயங்காலம் பெரிய வீட்டுப் பக்கமிருந்து தம் தம் என்று சத்தம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டிவியை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஆண் குரல்தான். அவளுக்கு நாளைக்குத்தான் என்று ராமநாதன் சொன்னான்.

நான் போவதா? யாரும் வந்து அழைக்கவில்லை. ஆனால் அது என் வீடு. என் வீட்டுக்கு என்னை யார் அழைக்கணும்? பங்குக்காரி வாசலில் நிற்கலாம். வருகிறவரை வாங்க கேட்கலாம். அவள் வரும்போது அவளையும் கேட்டுவிடலாம். பத்தோடு ஒன்றாக. சுலபம்.

தை 12, சனி

அரக்குச் சேலை, வைரத்தோடு. நான்கரை மணிக்கே போய்விட்டேன்.

முகப்புத் தூணில் சாய்ந்து நின்றேன். வருகிறவர்களுக்குக் கையில் நீலக் காகித வளையம் கட்டிவிட இரண்டு பெண்கள். நான் பக்கத்தில். “வாங்க. வாங்க. வாங்க.” பெங்களூர் ஆட்கள், மதுரைக் கல்லூரிப் பிள்ளைகள், வெள்ளைக்காரர்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கும்பிட்டு என்னைப் பார்த்து “வாங்க” என்றார். சிரித்துவிட்டேன்.

ராமநாதன் ஓடி வந்தான்.

“பெரியாத்தா, இவுகள்லாம் டிக்கெட் எடுத்து வாரவுக. இவுகளுக்கெல்லாம் எதுக்கு வாங்க?”

“நம்ம வீட்டுக்குள்ள கால் வைக்கிறவுகள கேக்காம விடச் சொல்றியா?”

ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். உட்காரவில்லை. உட்கார்ந்துகொண்டு வாங்க கேட்பது மரியாதை இல்லை.

ஆறரை வரை நின்றேன். அவளைக் காணோம். வேன் எதுவும் வரவில்லை. வளையம் கட்டும் பெண்ணிடம் கேட்டேன்.

“பாடுறவுகள்லாம் எப்பம்மா வருவாக?”

“அவங்க மத்தியானமே வந்துட்டாங்க பாட்டி. ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் பின் வாசல் வழி.”

இந்த வீட்டு வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அறுபது வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரியும். கச்சேரி பண்ணுகிறவர்கள், சமையல்காரர்கள், எல்லாரும் அந்தப் பக்கம்தான் வருவார்கள். என் பேத்தி அந்தப் பக்கம் வருவாள் என்று மட்டும் தோன்றவில்லை. வீட்டுப் பிள்ளை அல்லவா.

உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வளவில் மேடை. இருட்டில் யார் யார் என்று தெரியவில்லை. மேடையில் மட்டும் வெளிச்சம். ஒரு பெரியவர் விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக் கிடார் கம்பியில் தேய்த்தார். ஆள் அழுவது போலவே இருந்தது. அப்புறம் அவள் வந்தாள். வெறுங்கால். மெலிந்திருக்கிறாள்.

இங்கிலீஷ் பாட்டு. ஒரு வரி பாடினாள். அதையே மறுபடி பாடினாள், யார் காதிலும் விழவில்லையோ என்பது போல. மூன்றாவது வரி வேறு. பிறகு கிடார் பதில் சொன்னது. அர்த்தம் புரியவில்லை. ஆனால் இரண்டாவது தடவை அதே வரி வரும்போது முதல் தடவையைவிடக் கனமாக இருந்தது. நன்றாகக் கை தட்டினேன். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

முடிந்ததும் கூட்டம் மேடைக்குப் போனது. நான் போகவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நின்று என்ன சொல்வது.

தை 13, ஞாயிறு

கால் வீக்கம். வெந்நீர் ஒத்தடம்.

காலையிலேயே கந்தரப்பம் சுட்டு வைத்தேன். ஊரில்தானே இருக்கிறாள், இரண்டு தெரு. பத்து மணி. பன்னிரண்டு. இரண்டு. தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன். கேஸ்காரர். அப்புறம் வேறு வீட்டு விருந்தாளி.

நான்கு மணிக்கு ஆரோக்கியம் சாவியோடு வந்தார். அப்பம் கொடுத்தேன். மூன்று சாப்பிட்டார்.

“ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு ஆச்சி. எங்க பாட்டுக்காரப் பிள்ளை ஒங்க அறையிலதான் நேத்து மத்தியானத்துல இருந்து ஒக்காந்திருந்துச்சு. பாடப் போற வரைக்கும் வெளிய வரல.”

என் பேத்தி என்று இவருக்குத் தெரியவில்லை. அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“நேத்து அந்தப் பிள்ளை மொதல்ல பாடுனாளே, அதுக்கு என்ன அர்த்தம்?”

“அது அவுகளே எழுதுனது ஆச்சி. கதவு தெறந்துதான் இருந்துச்சு, கதவு தெறந்துதான் இருந்துச்சு, இன்னும் நான் வெளியதான் நிக்கிறேன். அப்புடித்தான் போகும். எங்க பாடுனாலும் சனம் அழுதுரும்.”

நான் அழவில்லை. கை தட்டினேன். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

“எப்பப் பொறப்படுறீக?”

“நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வேன். ஆச்சி, என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“காலு வலி.”

அவர் போன பிறகு தட்டில் நான்கு அப்பம். மூடி வைத்தேன்.

தை 14, திங்கள்

பனி, பயங்கரப் பனி. ஆறேகாலுக்குக் கிளம்பினேன். இந்தத் தடவை பின்வாசல் தெரு. அந்தக் கதவுச் சாவி என்னிடம் இல்லை, ஆனால் பின்வாசல் திறந்துதான் இருந்தது. உள்ளே நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

டிரைவர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார், “ஆச்சி, இங்குட்டு எங்க?” என்று கேட்டபடி. அவள் வந்தாள். தூக்கக் கண், தோளில் பை. என்னைப் பார்த்தாள். நின்றாள். பிறகு என்னைத் தாண்டிப் படி இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள். வேன் கதவில் கையை வைத்துவிட்டாள்.

“வா,” என்றேன்.

சத்தமாகத்தான் வந்தது. டிரைவர் திரும்பினார்.

“என்ன ஆச்சி, அவுக பொறப்பட்டுப் போறாக, நீங்க வான்னு கூப்புடுறீக?”

“ஒனக்கில்ல. நீ பெட்டிய ஏத்து.” அவளைப் பார்த்துத் திரும்பவும் சொன்னேன். “வாத்தா. உள்ள வா.”

அவள் பையைத் தெருவிலேயே வைத்தாள். மெதுவாக வந்து நிலைப்படியைத் தாண்டி என் எதிரில் நின்றாள். என்னைவிட ஒரு சாண் உயரம்.

“வந்துட்டேன் அப்பத்தா.”

வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கணும். செம்பு இல்லை. அப்பமும் வீட்டில் மூடிக் கிடக்கிறது. வெறுங்கையோடு வந்திருக்கிறேன். ஆரோக்கியம் புரிந்துகொண்டாரோ என்னவோ, தன் பாட்டிலை நீட்டினார். அதை வாங்கி அவளிடம் கொடுத்தேன். நின்றபடி குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டேன். பச்சை குத்திய கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். மதுரையில் பிளேனுக்கு நேரமாகிறதாம்.

வேன் கண்ணாடி கறுப்பு. உள்ளேயிருந்து கையை ஆட்டினாளா, தெரியவில்லை. நான் ஆட்டினேன்.